சிக்கனமும் குறியும்

துப்பாக்கிப் பயிற்சிக்கு ரவை வாங்கும் வகை

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளுக்கு என்ன கற்பிக்கலாம் என்ற பேச்சு எழுந்தால் பாட்டும் பரதமும் முதலில் வரும். சதுரங்கமும் கிரிக்கெட்டும் அடுத்து வரும். அண்மைக் காலத்தில் இந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதுவே குறிபார்த்துச் சுடும் பயிற்சி. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் அபினவ் பிந்திரா தங்கம் வென்றார். 2012-இல் லண்டனில் அதே போட்டியில் ககன் நாரங் வெண்கலம் பெற்றார். 2024-இல் பாரிஸில் துப்பாக்கிப் போட்டிகளில் மட்டும் நம் நாட்டுக்கு மூன்று வெண்கலங்கள் கிடைத்தன. இவற்றின் பயனாக, ஒரு காலத்தில் அரண்மனைகளுக்கும் படை முகாம்களுக்கும் உரியதாயிருந்த இவ்விளையாட்டு இன்று பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே வந்துவிட்டது.

நமக்கு இதில் தனிப்பட்ட மகிழ்ச்சியும் ஒன்று உண்டு. கடலூரில் பிறந்து குஜராத்தின் ஆமதாபாத் நகரில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-ஆம் ஆண்டு ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் நாட்டின் சார்பில் பங்கு பெற்றார். நம்மைப் போலவே பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலம் சென்று வாழும் ஒரு குடும்பத்தின் பெண் இவ்வளவு உயர்ந்திருப்பதைக் கண்டு, நம் வீட்டுப் பிள்ளைகளும் சுடுகளத்தை நாடுவது இயல்பேயன்றோ!

ஆயினும், பிள்ளையைச் சேர்த்த ஆறு மாதத்திற்குள் பெற்றோர் பலர் ஒரே கேள்வியோடு வருகின்றனர். துப்பாக்கி ஒருமுறை வாங்குவது. பல இடங்களில் அதனைக் களத்தாரே இரவலாகவும் கொடுப்பர். ரவையோ அரிசி பருப்பைப் போல மாதந்தோறும் தீர்ந்துகொண்டே இருப்பது. மலிவான ரவையை வாங்கினால் களத்தார் ஏற்பதில்லை; உயர்ந்ததை வாங்கினால் குடும்பம் தாங்குவதில்லை. என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதற்கு எது?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிள்ளைகள் பெரும்பாலோர் தொடங்குவது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். இதில் வெடிமருந்து இல்லை. அழுத்தப்பட்ட காற்றே ரவையை உந்துகிறது. இதன் ரவையைக் கடைக்காரர் பெல்லட் என்பர். ஈயத்தால் ஆனது, நடுவில் இடை சிறுத்து, பின்புறம் குழிந்து, சிறு உடுக்கை போல இருக்கும். அதன் அளவு 4.5 மில்லிமீட்டர், கடைகளில் இதனையே பாயிண்ட் 177 என்று கூறுவர்.

அடுத்தது 50 மீட்டர் ரைஃபிள். 2024-இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றது இதில்தான். இது வெடிமருந்துள்ள தோட்டாவைக் கொண்டு சுடுவது. தோட்டாவின் அளவு 5.6 மில்லிமீட்டர், பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் என்பது அதன் பெயர்.

இவ்விரண்டுக்கும் இடையில் 5.5 மில்லிமீட்டர் காற்று ரவை என்று ஒன்று கடைகளில் உண்டு. அதையும் பாயிண்ட் 22 என்றே அழைப்பதால் பெற்றோர் ஏமாறுகின்றனர். அது 10 மீட்டர் போட்டித் துப்பாக்கியிலும் நுழையாது. 50 மீட்டர் ரைஃபிளுக்கும் பயன்படாது. ஆகவே பெட்டியின் மேல் 4.5 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்தபின்பே பணத்தை எடுக்க வேண்டும்.

மூன்று வாயில்கள்

ஒரு ரவை நம் பிள்ளையின் கைக்குச் சேரும் முன் மூன்று வாயில்களைக் கடக்க வேண்டும். முதலாவது நாட்டுச் சட்டம். இரண்டாவது போட்டி விதி. மூன்றாவது அந்தந்தச் சுடுகளத்தின் கட்டளை.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், அதன்கீழ் 2016-இல் வகுக்கப்பட்ட ஆயுத விதிகளும் நமக்கு வழிகாட்டிகள். 4.5 மில்லிமீட்டர் அளவுக்கு மேற்படாமலும், 20 ஜூல் ஆற்றலுக்கு மேற்படாமலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுவதில்லை. போட்டித் துப்பாக்கிகள் யாவும் இவ்வெல்லைக்கு மிகவும் கீழேயே நிற்பன. எனினும், நிலையான கடையில், பெற்றோர் பெயரில், அடையாளச் சான்று காட்டி, பட்டியல் பெற்று வாங்குவதே முறை. பாயிண்ட் 22 தோட்டாவோ உரிமம் உள்ளவருக்கு மட்டுமே உரியது. துப்பாக்கி உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு இளையவர்கள் விதிகளுக்கு உட்பட்டுப் பயிற்சியின்போது மேற்பார்வையில் சுடலாம்.

போட்டி விதியைப் பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம் வகுக்கிறது. நம் நாட்டில் 1951-இல் நிறுவப்பட்ட இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் அதனை நடைமுறைப்படுத்துகிறது. மக்களவையின் முதல் சபாநாயகராக விளங்கிய மாவ்லங்கர் இச்சங்கத்தைத் தோற்றுவித்தவர். தேசியப் போட்டிக்குத் தகுதி காணும் போட்டி இன்றும் அவர் பெயரால் நடைபெறுகிறது. காற்று ரவையைப் பற்றிய விதி மிகச் சுருக்கமானது: ஈயம் அல்லது அதுபோன்ற மென்பொருளால் ஆனதாயிருக்க வேண்டும், 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. வடிவம் எதுவாயினும் தடையில்லை. பாயிண்ட் 22 குண்டும் அவ்வாறே ஈயம் போன்ற மென்பொருளால் மட்டுமே ஆனதாயிருத்தல் வேண்டும்.

மூன்றாவது வாயிலில்தான் பலர் தடுக்கி விழுகின்றனர். போட்டி விதி அனுமதிப்பதைக் களத்தார் அனுமதித்தே ஆக வேண்டும் என்பதில்லை. தட்டையான தலையுள்ள ரவையே கொண்டுவர வேண்டும் என்று பல களங்கள் வற்புறுத்துகின்றன. இதற்குக் காரணம் உண்டு. தட்டைத் தலை காகித இலக்கில் கத்தரித்தாற்போல வட்டமான துளையிடும். புள்ளி கணக்கிட எளிது. கூரிய தலையும் உருண்டைத் தலையும் காகிதத்தைக் கிழித்துவிடும். துளையின் விளிம்பு எங்கே என்று தெரியாது. எஃகு உருண்டைகளை எந்த நல்ல களமும் ஏற்பதில்லை. ஈயம் மோதியவுடன் நசுங்கி நின்றுவிடும். எஃகு நசுங்காமல் திரும்பித் தெறிக்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கண்ணுக்கு அது ஆபத்து. துப்பாக்கிக் குழலின் உட்புறத் திருகு வரிகளுக்கும் கேடு. ஆகவே தள்ளுபடி விலையில் எஃகு ரவை கிடைக்கிறது என்று எவரேனும் சொன்னால், அது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று விலகுவதே அறிவுடைமை.

"அதிவேகம்" என்று விளம்பரம் செய்யப்படும் கலப்புலோக ரவைகளும் நமக்கு வேண்டாதவை. போட்டித் துப்பாக்கி ரவையை வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் அனுப்புமாறு அமைக்கப்பட்டது. பத்து மீட்டர் தூரத்தில் உள்ள காகிதத்தைத் துளைக்க அதற்கு மேல் வேகம் எதற்கு? வேண்டுவது வேகமன்று, ஒவ்வொரு முறையும் அதே வேகம்.

மலிவு எங்கே தோற்கிறது?

இலக்கின் அளவைச் சற்று நோக்குவோம். 10 மீட்டர் ரைஃபிள் இலக்கின் நடுவே உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 0.5 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு கடுகைவிடச் சிறியது. ஒவ்வொரு வளையமும் 2.5 மில்லிமீட்டர் அகலம். இக்காலத்தில் புள்ளியைப் பத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடுவதால், மிக உயர்ந்த சூடு 10.9 ஆகும், கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 புள்ளி போகும். ஒரு போட்டியில் 60 சூடுகள். ரவையின் குற்றத்தால் சூட்டுக்குச் சராசரி 0.1 குறைந்தாலும் மொத்தத்தில் 6 புள்ளிகள் போய்விடும். பெரிய போட்டிகளில் அடுத்த சுற்றுக்குச் செல்பவர்க்கும் வீடு திரும்புபவர்க்கும் இடையே அவ்வளவு வேறுபாடு இருப்பதில்லை.

மலிவு ரவைக்கும் உயர்ந்த ரவைக்கும் உள்ள வேறுபாடு பார்வைக்குத் தெரியாது. இரண்டும் ஈயமே, வடிவமும் ஒன்றே. வேறுபாடு ஒரே தன்மையில் இருக்கிறது. உயர்ந்த ரவைப் பெட்டியில் 500 ரவைகளும் எடையில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ரைஃபிளுக்கு உரிய ரவை பெரும்பாலும் 0.53 கிராம். தலையின் அளவு 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை பிரித்துக் குறிக்கப்பட்டிருக்கும். மலிவுப் பெட்டியிலோ ஒன்று கனமாகவும் ஒன்று இலேசாகவும் இருக்கும். பின்புற விளிம்பு சில ரவைகளில் நசுங்கியிருக்கும். ஈயத் தூளும் மிகுதியாக ஒட்டியிருக்கும்.

இதனால் விளையும் தீங்கு புள்ளிக் குறைவு மட்டுமன்று. ஒரு பிள்ளை சரியாக நின்று, மூச்சை அடக்கி, விசையை மெல்ல அழுத்தியும் ரவை 8-இல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். குற்றம் தன்னுடையதா ரவையுடையதா என்று அப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தன் நிலை பிழை என்று எண்ணிச் சரியாயிருந்த தோளையும் முழங்கையையும் மாற்றும். அடுத்த ரவை வேறு பக்கம் செல்லும், மறுபடியும் மாற்றும். பயிற்சியாளரும் இலக்கைப் பார்த்தே திருத்துவதால் அவரும் வழி தவறுவார். ரவையில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்காகப் பிள்ளையின் ஓராண்டு உழைப்பைத் தவறான பழக்கத்தில் கரைப்பது சிக்கனம் ஆகாது.

அதற்காக முதல் நாளிலிருந்தே மிக உயர்ந்த ரவையை வாங்க வேண்டும் என்பதும் இல்லை. தொடக்க மாதங்களில் பிள்ளையின் சூடுகள் எலுமிச்சம்பழ அகலத்துக்குச் சிதறும். அந்நிலையில் ரவையின் அரை மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஆகவே நாம் கடைப்பிடிக்க வேண்டிய அளவுகோல் ஒன்றே: ரவையின் சிதறல் பிள்ளையின் சிதறலைவிடத் தெளிவாகச் சிறியதாயிருக்க வேண்டும். பிள்ளையின் கை தேறத் தேற ரவையின் தரமும் உயர வேண்டும். அதற்கு முன்பும் வேண்டாம், பின்பும் வேண்டாம்.

சோதித்து வாங்குதல்

ஒரே கம்பெனியின் ஒரே ரவை ஒரு துப்பாக்கியில் நன்றாகவும் மற்றொன்றில் சுமாராகவும் செல்லும். ஆதலால் அண்டை வீட்டுப் பிள்ளைக்கு உகந்தது நம் பிள்ளைக்கும் உகக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்டு என், செக் நாட்டின் ஜே.எஸ்.பி. ஆகிய கம்பெனிகளின் ரவைகள் நம் களங்களில் பெரிதும் வழங்குகின்றன. ஒவ்வொரு கம்பெனியும் பயிற்சிக்கு ஒரு தரமும் போட்டிக்கு ஒரு தரமும் செய்கிறது. இவற்றில் மூன்று நான்கு வகைகளை ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்கிச் சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் முறை எளியது. பயிற்சியாளரின் உதவியோடு துப்பாக்கியைத் தாங்கியில் அசையாமல் பொருத்தி, ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்தாக நான்கு இலக்குகள் சுட வேண்டும். ஐந்து ரவைகளும் சேர்ந்து இட்ட துளையின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து, அதில் ரவையின் 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் கிடைப்பதே சிதறல். துளை முழுவதும் 5 மில்லிமீட்டர் அளவிலேயே அடங்கிவிட்டால் அது போட்டிக்கு உகந்தது. 6 மில்லிமீட்டர் வரை சென்றால் பயிற்சிக்குக் குறைவில்லை. 8 மில்லிமீட்டர் ஆனால் அதன் விலை எவ்வளவு குறைந்ததாயினும் விட்டுவிட வேண்டும். ஒரு நல்ல இலக்கைக் கண்டு மயங்காமல், நான்கின் சராசரியையும் பார்ப்பது முக்கியம்.

உகந்த வகை கிடைத்ததும் பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதனைக் கடைக்காரர் லாட் நம்பர் என்பர். அதே பெயரில் அடுத்த தொகுதி சற்று வேறுபடலாம். ஆகவே உகந்த தொகுதியில் ஆறு மாதத்துக்கு வேண்டியதைச் சேர்த்து வாங்குவது நல்லது. இங்கேதான் நம் சங்கக் குடும்பங்கள் ஒருவர்க்கொருவர் துணை செய்யலாம். சோதனைக்கு வாங்கும் பெட்டிகளை நான்கு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டால் செலவு நான்கில் ஒன்றாகும். மொத்தமாக வாங்கினால் கடைக்காரரும் விலையில் இறங்குவார். இது உரிமம் வேண்டாத காற்று ரவைக்கு மட்டுமே பொருந்தும். பாயிண்ட் 22 தோட்டாவை அவ்வாறு பங்கிடுவது குற்றம் என்பதை மறவாதீர்கள்.

வீட்டுக் கணக்கு

கடை விலை இடத்துக்கு இடம் மாறுவதால், கணக்குக்காக மட்டும் போட்டி ரவை ஒன்று 2 ரூபாய் என்றும் பயிற்சி ரவை ஒன்று 1 ரூபாய் என்றும் கொள்வோம். ஓரளவு தேறிய பிள்ளை வாரம் ஐந்து நாள் களம் செல்கிறது. நாளொன்றுக்கு 60 சூடும், குறி சரிபார்க்க 20 சூடும் ஆக 80 ரவை. வாரத்துக்கு 400, ஆண்டில் 50 வாரத்துக்கு 20,000. எல்லாம் போட்டி ரவையே என்றால் 40,000 ரூபாய். எல்லாம் பயிற்சி ரவை என்றால் 20,000 ரூபாய். ஆனால் போட்டி நாளில் பழகாத ரவையோடு நிற்க நேரும்.

இப்போது வேறு வகையாகப் பிரிப்போம். ஐந்து நாளில் இரண்டு நாள் ரவையே வேண்டாம். ரவையின்றிக் குறிபார்த்து விசையை அழுத்திப் பழகுவதைப் பயிற்சியாளர்கள் டிரை பயிற்சி என்பர். பெரிய வீரர்களும் இதனை நாள்தோறும் செய்கின்றனர். போட்டித் துப்பாக்கிகளில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு. அவ்வமைப்பில்லாத வில்சுருள் துப்பாக்கியை வெறுமையாக இயக்கினால் உள்ளுறுப்புகள் கெடும். ஆகவே முதலில் பயிற்சியாளரைக் கேட்க வேண்டும். இரண்டு நாள் பயிற்சி ரவை. ஒரு நாள் போட்டி ரவை. ஆண்டுக்குப் பயிற்சி ரவை 8,000. போட்டி ரவை 4,000. இரண்டுக்கும் தலைக்கு 8,000 ரூபாயாக மொத்தம் 16,000 ரூபாய். முழுவதும் மலிவு ரவையாக வாங்குவதைவிடவும் இது குறைவு. பிள்ளைக்குப் போட்டி ரவையும் பழகியிருக்கும். உண்மை விலையை இட்டு இக்கணக்கை ஒவ்வொருவரும் தம் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தோட்டாவின் நிலை

பாயிண்ட் 22 தோட்டாவின் செலவு காற்று ரவையைவிடப் பன்மடங்கு. ஆகவே பயிற்சியாளர் தகுதி என்று கூறும் வரை அப்பக்கம் செல்லாதிருப்பதே முதற் சிக்கனம். இவ்வகையில் கையை இலவசமாகப் பழக்கும் வழி ஒன்றும் உண்டு. பள்ளியிலோ கல்லூரியிலோ தேசிய மாணவர் படை இருந்தால் பிள்ளையை அதில் சேர்க்கலாம். பாயிண்ட் 22 ரைஃபிள் சுடுதல் அதன் பயிற்சியிலேயே அடங்கியது.

வாங்கும் காலம் வந்தால் வேகத்தைப் பாருங்கள். போட்டித் தோட்டாவின் குண்டு சுமார் 2.6 கிராம் எடையுள்ளது. வினாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் செல்லும். இது காற்றில் ஒலி செல்லும் வேகத்துக்குச் சற்றுக் கீழே. அதிவேகத் தோட்டாக்கள் ஒலியை மிஞ்சிப் புறப்பட்டு, வழியில் வேகம் தளர்ந்து ஒலியின் வேகத்தை மீண்டும் நெருங்குகின்றன; அப்போது ஏற்படும் அதிர்வு குண்டைத் தடுமாறச் செய்யும். ஆதலால் அதிவேகத் தோட்டா மலிவாகக் கிடைத்தாலும் இலக்குச் சூட்டுக்கு ஆகாது. உலோக உறையிட்டதும் எஃகு உட்கரு உள்ளதும் விதிக்கே புறம்பானவை. அவை குண்டு தாங்கும் சுவரையும் கெடுக்கும்.

இங்கிலாந்தின் ஈலி, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., எஸ்.கே., பின்லாந்துப் பெயர் தாங்கிய லப்புவா ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் பல தரங்கள் உண்டு. எஸ்.கே. தோட்டாவும் லப்புவாவின் பாயிண்ட் 22 தோட்டாவும் ஜெர்மனியில் ஷோனபெக் என்னும் ஊரில் ஒரே ஆலையில் செய்யப்படுபவை. பயிற்சிக்கு எஸ்.கே. தரத்தை வைத்துக்கொண்டு போட்டிக்கு மேல்தரத்துக்குச் செல்வது பல வீரர்களின் வழக்கம். இங்கும் தொகுதி எண்ணைச் சோதித்தே வாங்க வேண்டும். தோட்டாவின் வகையை மாற்றினால் குழலுக்கு அது பழகச் சில சூடுகள் பிடிக்கும். அதுவரை வரும் புள்ளியைக் கணக்கில் எடுக்கலாகாது.

உரிமத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டில் எத்தனை வாங்கலாம் என்பது குறிக்கப்பட்டிருக்கும். விற்பவர் அதில் பதிவு செய்தே கொடுப்பார். களத்தில் பெற்ற தோட்டாவைக் களத்திலேயே சுட்டு, வெற்றுக் கூடுகளையும் மிஞ்சியவற்றையும் எண்ணித் திருப்பிவிட வேண்டும். ஒரு தோட்டாவைப் பிள்ளை அறியாமல் சட்டைப் பையில் கொண்டுவந்துவிட்டாலும் விளையாட்டாக எண்ணாமல் உடனே களத்தில் ஒப்படைப்பது பெற்றோர் கடமை.

ஈயமும் இல்லமும்

தாய்மார்கள் இப்பகுதியைத் தவறாது படிக்க வேண்டுகிறோம். ரவை ஈயம், ஈயம் நஞ்சு. அது சிறிது சிறிதாக உடலில் சேர்ந்து, வளரும் குழந்தையின் மூளையையும் கருவுற்ற பெண்ணின் சிசுவையும் பாதிப்பது. மலிவு ரவையில் தூள் மிகுதி என்று முன்னமே கூறினோம். சுடும்போது அவசரத்தில் ரவையை உதட்டில் கவ்விக்கொள்ளும் வழக்கம் சில பிள்ளைகளிடம் உண்டு. அதனை முதல் நாளே கண்டித்துத் திருத்த வேண்டும். களத்திலிருந்து வந்ததும் சோப்பிட்டுக் கையும் முகமும் கழுவிய பின்பே சிற்றுண்டி. களத்து உடைகளைத் தனியே துவைத்தல் நலம். ரவையைச் சமையலறைச் சம்படத்திலோ அஞ்சறைப் பெட்டியிலோ கொட்டி வைத்தல் கூடவே கூடாது.

மும்பை, கொல்கத்தா போன்ற ஊர்களின் மழைக்கால ஈரத்தில் ஈயத்தின் மேல் வெண்பொடி பூக்கும். அத்தகைய ரவை குழலுக்கும் ஆகாது, கைக்கும் ஆகாது. பெட்டியை இறுக மூடி, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை உடன் வைத்து, உயரமான பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். கீழே விழுந்த பெட்டியின் ரவைகள் விளிம்பு நசுங்கியிருக்கும்; அவற்றைப் போட்டிக்கு எடுக்கலாகாது. ரவையை ஒரு கண்ணாடித் தகட்டில் மெல்ல உருட்டிப் பார்த்தால் நசுங்கியது தடுமாறி உருண்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இடம் மாறும்போது

நம்மில் பலர் அரசுப் பணியிலும் கம்பெனிப் பணியிலும் ஊர்விட்டு ஊர் மாற்றப்படுபவர்கள். காற்று ரவைக்கு அதனால் தொல்லையில்லை. உரிமம் உள்ள துப்பாக்கி வீட்டில் இருந்தாலோ, புதிய ஊரின் உரிம அலுவலருக்கு விதித்த காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உரிமம் ஒரு மாநிலத்துக்கு மட்டும் உரியதா, நாடு முழுவதும் செல்லுமா என்பதையும் மூட்டை கட்டும் முன்பே அதில் பார்த்துக்கொள்ள வேண்டும். விமானப் பயணத்தில் தோட்டாவைக் கைப்பையில் கொண்டுசெல்ல முடியாது. விமானக் கம்பெனியின் முன் அனுமதியோடு, சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில், ஒருவருக்கு 5 கிலோவுக்கு மேற்படாமல் மட்டுமே கொண்டுசெல்லலாம். காற்று ரவையையும் கைப்பையில் வைக்காமல், முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நன்று. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பிள்ளையின் பையில் மறந்துபோன ஒரு தோட்டா, முழுக் குடும்பத்தையும் விமான நிலையத்தில் நிறுத்திவிடும்.

முடிவாக, ரவை வாங்கப் புறப்படும் முன் பெற்றோர் தமக்குத் தாமே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது சட்டத்துக்கும் போட்டி விதிக்கும் நம் களத்தின் கட்டளைக்கும் ஒத்ததா? நம் பிள்ளையின் துப்பாக்கியில் சோதித்து, அதன் சிதறல் பிள்ளையின் சிதறலைவிடச் சிறியது என்று கண்டோமா? இந்த வாரப் பயிற்சிக்கு இந்தத் தரம்தான் வேண்டுமா? மூன்றுக்கும் விடை தெரிந்தபின் விலையைக் கேளுங்கள். அப்போது வாங்குவது எதுவாயினும் அதுவே சிக்கனம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையும் குறியில் பின்தங்க வேண்டியதில்லை. கணக்குப் பார்த்துச் செலவிடும் வீடும், தன் பிழையைத் தெளிவாகக் காட்டும் ஒரே தன்மையான ரவையும் இருந்தால் போதும்.